கதவைச் சாத்தியது என் தப்பு

இந்த வருஷம் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் சமூக உளவியல் நடத்தியவள், ஓய்வு பெற்று வீட்டில் சும்மாத்தானே உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்திருப்பார்கள். சும்மா இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். மாதிரி எடுப்பது, வினாத்தாள் தயாரிப்பது, கணக்குப் போடுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டு, நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். விதிமுறை ஒன்றைக்கூட மீறாமல் செய்த தப்பு அது. அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழவேற்காடு ஏரியோரம் ஒரு மீனவர் ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். பசியாவரமா, தோணிரேவா என்று யாராவது மனசுக்குள் யோசிக்கத் தொடங்கியிருந்தால் இப்போதே நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லை, வேறு எதையும் தேட வேண்டாம். ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்து, அப்புறம் ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் போவேன். இரண்டு வருஷம் அப்படிப் போனேன்.

நான் அங்கே போனதற்குக் காரணம் 'பாடு' என்று அவர்கள் சொல்கிற முறை. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துப் பக்கம் எறா, அதாவது இறால், நன்றாக விழும் இடங்கள் சில உண்டு. ராத்திரி பகலாகக் கிடந்தாலும் ஒன்றும் விழாத இடங்களும் உண்டு. எல்லாரும் நல்ல இடத்திலேயே போய் வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் ஊர்க்கூட்டத்தில் சீட்டுப் போட்டு எடுத்து, யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். ஊருக்கு வரி கட்டித் தலைக்கட்டாகச் சேர்ந்த எல்லாக் குடும்பத்துக்கும் அதில் சம பங்கு. தலைவர் வீட்டுக்கும் ஒரு சீட்டுத்தான், நேற்றுக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவன் வீட்டுக்கும் ஒரு சீட்டுத்தான். போலீசும் இல்லை, பத்திரமும் இல்லை. ஆனாலும் மோசமான இடம் விழுந்தவர் பேசாமல் போய் அங்கே வலை கட்டுகிறார். அவர் மனசுக்குள் என்னதான் நினைக்கிறார் என்பதுதான் என் ஆய்வுக் கேள்வி. அந்த ஆய்வை வைத்துத்தான் பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்க இருந்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஊரைப் பற்றி ஊர் நடுவில் வைத்துக் கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் அதற்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். "தனித்தனியா கூப்பிடு, கதவைச் சாத்து. அப்பதான் வாய் திறக்கும்" என்பார். எல்லாப் புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. எங்கள் நெறிமுறைக் குழுவும் தனி அறை கட்டாயம் என்று எழுத்தில் கேட்டது. அதன்படி ஊர்த் தலைவரிடம் அனுமதி வாங்கி, பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையை ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கேட்டுப் பெற்றேன். கதவைச் சாத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். நீங்கள் சொல்வது யாருக்கும் தெரியாது, தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அறுபது சொச்சம் பேர் வந்தார்கள்.

ஆண்கள் பெரும்பாலும் பத்து நிமிஷம், மிஞ்சினால் கால் மணி நேரத்தில் எழுந்துவிடுவார்கள். கன்னியம்மா அப்படி எழவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் தேசிங்கு வலை கட்டுவார், இவர் எறாவைக் கூடையில் சுமந்து போய் விற்பார். உள்ளே வந்து உட்கார்ந்தவர் முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொன்னார். இரண்டாவது கேள்வியில் ஏதோ உடைந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். நான் பேனாவை நிறுத்தவே இல்லை. எழுந்தபோது முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, "இத்த யார்கிட்டயும் சொன்னதில்ல டீச்சர்" என்றார். நான் அவர் கையைப் பிடித்து, யாருக்கும் தெரியாது என்று மறுபடி சொன்னேன். திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு நிலைகொள்ளவில்லை. அப்படி ஒரு பேட்டி வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும் என்று மனசுக்குள் குதித்துக்கொண்டு வந்தேன். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

நான் கவனிக்காமல் விட்டது ஒன்றுதான். பள்ளிக்கூடத்துக்கு எதிரே மரத்தடியில் கிழிந்த வலை பொத்துகிற இடம். அங்கே எந்நேரமும் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். யார் உள்ளே போனார்கள், எவ்வளவு நேரம் கழித்து வெளியே வந்தார்கள், எந்த முகத்தோடு வந்தார்கள் என்று அத்தனை பேரும் பார்த்தார்கள். அந்த ஊரில் வெயில் நேரத்தில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. கதவு சாத்தியிருந்தால் உள்ளே சாவுப் பேச்சோ சொத்துப் பேச்சோ நடக்கிறது என்று அர்த்தம். ரகசியத்தைக் காப்பாற்ற நான் சாத்திய கதவு, உள்ளே ரகசியம் இருக்கிறது என்று ஊருக்கே தண்டோரா போட்டுக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்துப் பொன்னேரியில் ஒரு அலுவலகத்துக்கு மொட்டைப் பெட்டிஷன் போயிற்று. இந்த வருஷப் பாடு முறையில் சீட்டு நேர்மையாக எடுக்கப்படவில்லை என்று எழுதியிருந்ததாம். இரண்டு பேர் ஜீப்பில் வந்து ஊர்த் தலைவரை விசாரித்துவிட்டுப் போனார்கள். அதில் ஒன்றும் நிற்கவில்லை. ஆனால் பாடு விவகாரத்தை ஊருக்கு வெளியே எடுத்துக்கொண்டு போவதைவிடப் பெரிய அவமானம் அந்த ஊருக்குக் கிடையாது. யார் எழுதியிருப்பார்கள் என்று பேச்சு கிளம்பியது. படித்தவள் ஒருத்தி வந்து போகிறாள். அவளோடு கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசி, அழுதுகொண்டு வெளியே வந்தவள் ஒருத்தி இருக்கிறாள். ஊர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டது.

தலைவர் எனக்குப் போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை. "டீச்சர், தேசிங்குக்கு வர்ற வாரம் நல்ல எடம் முறை வருது. அத்த நிறுத்தி வச்சிருக்கோம். ஞாயித்துக்கெழம கூட்டம். நீங்க பேப்பர எடுத்துகினு வந்து, அந்தப் பொண்ணு சொன்னத அப்டியே படிச்சிட்டீங்கன்னா முடிஞ்சிபோச்சி. ஊரப் பத்தி ஒண்ணும் சொல்லலன்னா முறைய உட்டுடுவோம்" என்றார். சொல்லியிருந்தால் என்று கேட்டேன். "தலைக்கட்டுலேர்ந்து எடுத்துடுவோம்" என்றார். தலைக்கட்டு போனால் பாடு போயிற்று. பாடு போனால் அந்தக் குடும்பம் ஏரியில் வலை கட்ட முடியாது.

இப்போது நீங்கள் என் இடத்தில் உட்காருங்கள். பெட்டிஷனைப் பற்றிக் கன்னியம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். தாளைப் படித்தால் அவர்மேல் உள்ள பழி அந்த நிமிஷமே போய்விடும். ஆனால் அவர் வேறு எதைச் சொன்னாரோ அது கணவருக்கும் ஊருக்கும் முன்னால் வந்து விழும். படிக்காவிட்டால் முறை போய்விடும். வழிகாட்டிக்குப் போன் போட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "அந்த அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிக்கோ, படிச்சிடு. சம்மதம் இருந்தா நம்ம பக்கம் தப்பு கிடையாது" என்றார். அவர் சொன்னதில் சட்டப்படி ஒரு ஓட்டையும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கூட்டம் கோயில் மண்டபத்தில், காலை பத்து மணிக்கு. ஆண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஓரமாகத் தூண் பக்கம் நின்றார்கள். கன்னியம்மா அவர்களோடு நிற்காமல் நாலடி தள்ளி நின்றார், அல்லது அவர்கள் தள்ளி நின்றுகொண்டார்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நான் அதில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தேன். தாள்கள் எல்லாவற்றையும் துணிப்பையில் கொண்டுபோயிருந்தேன். எதையும் ஒளித்து வைத்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது என்ற வீராப்பு. எந்த எண் யாருடையது என்ற பெயர்ப் பட்டியல்தான் வீட்டில் பீரோவுக்குள் இருக்கிறதே, எண்ணை வைத்து யார் என்ன கண்டுபிடிக்க முடியும் என்ற மெத்தனமும்தான்.

பையிலிருந்து தாள்கட்டை எடுத்து மடியில் வைத்தேன். தலைவர் கையை நீட்டி மேலே இருந்த தாளை எடுத்தார். பக்கத்தில் இருந்தவரிடம் முதல் பக்கத்தைக் காட்டினார். வயது, பிள்ளைகள் எத்தனை, மோட்டார் படகா துடுப்புப் படகா, பிறந்த ஊர், அவ்வளவுதான் அந்தப் பக்கத்தில் இருந்தது. தலைவர் அரை நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

"மூணு பொண்ணு, ஒரு புள்ள. துடுப்பு. பொறந்தது ஆந்திரா பக்கம். இது நம்ம…" என்று கூட்டத்தில் அந்த ஆளைத் தேடித் திரும்பிப் பார்த்தார்.

பெயரை அவர் சொல்வதற்குள் தாளை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். ஊர்த் தலைவர் கையிலிருந்து ஒரு பொம்பளை பிடுங்குவது என்றால் என்ன என்று அந்த மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். நான் பாடம் நடத்தும்போது எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன், எண் போட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று. அறுபது வீடு உள்ள ஊரில் அது மறையாது. அது எனக்கு அந்த அரை நிமிஷத்தில்தான் உறைத்தது.

"நான் ஒன்றும் படிக்க மாட்டேன்" என்றேன். "கதவைச் சாத்தினது என் தப்பு. உங்க ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்காம சாத்திட்டேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. தண்டனை எதுவானாலும் எனக்குக் குடுங்க."

"உங்கள தண்டிச்சி நாங்க இன்னா பண்றது டீச்சர்?" என்றார் தலைவர். சிலர் சிரித்தார்கள். "அவளயே கேப்போம். அவ படின்னு சொன்னா உங்களுக்கு இன்னா?"

தேசிங்கு எழுந்தார். நல்ல மனுஷர், பயந்துபோயிருந்தார். "படிச்சிடுங்க டீச்சர். அவ ஒண்ணும் தப்பா சொல்லிருக்க மாட்டா. எங்க முறை போச்சின்னா நாங்க எங்க போவோம்?" என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, "சொல்லேன், சொல்லு" என்றார்.

மண்டபமே திரும்பி அவரைப் பார்த்தது. கன்னியம்மா தரையைப் பார்த்துக்கொண்டே, "படிங்க" என்றார். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பாருங்கள், எல்லாம் என் கைக்கு வந்துவிட்டது. ஊர் கேட்கிறது, கணவர் கேட்கிறார், சொன்னவரே சம்மதிக்கிறார். வழிகாட்டி சொன்ன கையெழுத்தைக்கூட வாங்கியிருக்கலாம், பேனா என் ஜாக்கெட்டில் செருகித்தான் இருந்தது. படித்திருந்தால் முறையும் கிடைத்திருக்கும், என் ஆய்வும் பிழைத்திருக்கும். ஆனால் ஊரே சுற்றி உட்கார்ந்து கழுத்தில் கை வைத்து வாங்குகிற சம்மதம் சம்மதமா? அவர் வாய் படி என்றது. பெருவிரல் மண்டபத்துத் தரையைக் கீறிக்கொண்டே இருந்தது. நான் எதைக் கேட்பது?

"கன்னியம்மா சொன்னாலும் படிக்க மாட்டேன்" என்றேன். "வேறு யார் சொன்னாலும் படிக்க மாட்டேன். நாளைக்குக் கோர்ட்டில் நிறுத்தினாலும் படிக்க மாட்டேன்."

ஒரே கூச்சல். ஊருக்கு மரியாதை இல்லை என்று ஒருவர் எழுந்தார். இனிமேல் இந்த ஊருக்குள் கால் வைக்காதே என்று இன்னொருவர். ஒரு குடும்பத்தின் பிழைப்பை என் கொள்கைக்குப் பலி கொடுக்கிறேனோ என்று அப்போது நினைத்தேன். இன்றைக்கும் சில நாள் அப்படி நினைக்கிறேன். எழுந்து போகக் கூடாது என்பது மட்டும் நிச்சயமாக இருந்தது. தாள்கட்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் கன்னியம்மா தலையை நிமிர்த்தினார். தூண் பக்கத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்தார். அந்த மண்டபத்தில் கூட்டம் நடக்கும்போது பெண்கள் பேசுவதில்லை.

"தலைவரே, ஒரு வார்த்த. நம்ம ஊர்ல நல்ல எடம் யாருக்குன்னு பேரச் சொல்லியா குடுக்குறோம்? சீட்டு போட்டுத்தான எடுக்குறோம்? பேப்பர படிச்சே ஆவணும்னா அத்தயும் சீட்டு போட்டு எடுங்க. டீச்சர் பையில அறுவது பேர் பேசுனது கீது. எது வருதோ அத்த மொதல்ல படிக்கட்டும். என்னுது வந்தா என்னுது. உங்குளுது வந்தா உங்குளுது. எனக்கு மட்டும் இன்னாத்துக்குத் தனி நாயம்?"

கூச்சல் நின்றுவிட்டது. ஒவ்வொருவராக என் மடியைப் பார்த்தார்கள். பத்து நிமிஷம் பேசினவர்களுக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன சொன்னோம் என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். முதல் பக்கத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்பதைத் தலைவரே இப்போதுதானே எல்லாருக்கும் காட்டியிருந்தார். நான், "சீட்டில் எது விழுந்தாலும் படிக்க மாட்டேன்" என்று இன்னொரு முறை சொன்னேன். இந்த முறை அதைக் கேட்டு யாரும் கோபப்படவில்லை.

தலைவர் குனிந்து மெதுவாகக் கேட்டார். "என்னுதும் அதுலதான் கீதா?"

"இருக்கு" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "தேசிங்கு முறை தேசிங்குக்குத்தான். பெட்டிஷன் சமாச்சாரத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா டீச்சர், இந்தப் பேப்பர் ஒண்ணுகூட ஊரத் தாண்டக் கூடாது. அவங்கவுங்கது அவங்கவுங்க கையில குடுத்துட்டுப் போங்க" என்றார். அதில் நியாயம் இருந்தது. கொடுத்தேன். பெயர்ப் பட்டியல் வீட்டில் இருந்தாலும் அது தேவைப்படவில்லை, எனக்கு எல்லாமே மனப்பாடம். நாலாக மடித்து, மண்டபத்து வாசலில் நின்று, ஒவ்வொருவர் கையிலும் வைத்தேன். வராதவர்களுக்கு வீடு தேடிப் போய்க் கொடுத்தேன். வாங்கியவர்கள் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை, இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாக நடந்தார்கள். திரும்பும்போது துணிப்பை காலியாக இருந்தது. ரயிலில் அழுதேன். கொள்கைக்காக அழுதேன் என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு வருஷ உழைப்புக்காகத்தான் அழுதேன்.

பதவி உயர்வு நாலு வருஷம் தள்ளிப்போயிற்று. வழிகாட்டி, "கையில இருந்ததைத் தண்ணியில விட்டுட்டு வந்திருக்கே" என்றார். கடைசிவரை அவர் மனசு ஆறவில்லை. பெட்டிஷன் எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சி செய்யவும் இல்லை.

ஆனால் ஆறு மாதம் கழித்து நான் அதே ஊருக்குத் திரும்பிப் போனேன். விடுகிறவள் இல்லை நான். இந்த முறை அறை கேட்கவில்லை. வலை பொத்துகிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம் தள்ளி, ஏரிக்கரையில், திறந்த வெளியில் இரண்டு நாற்காலி போட்டேன். எல்லார் கண்ணுக்கும் தெரியும், யார் காதுக்கும் கேட்காது. ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம், கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஐந்து நிமிஷத்தில் பேசி முடித்தவரோடு மிச்ச நேரம் எறா விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். அழுகிறவர் இருந்தால் முகத்தை ஏரிப் பக்கம் திருப்பி உட்காரச் சொல்வேன். தாளில் வயது கிடையாது, பிள்ளைகள் கிடையாது, படகு கிடையாது. இன்றைக்கு உங்கள் வகுப்பில் இதற்கு ஏதாவது பெரிய பெயர் வைத்திருப்பீர்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அந்த மண்டபம்.

முதல் நாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் கன்னியம்மா. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, அதற்காகத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். நான் பேனாவைத் திறந்தேன். அவர் அதைக் கையால் மறைத்தார்.

"என் பேப்பர அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன் டீச்சர். ஆனா உங்க தலைக்குள்ள கீதே, அத்த இன்னா பண்றது?"

"அதை நான் பாத்துக்கறேன் கன்னியம்மா" என்றேன்.

"எவ்ளோ நாளிக்கு?"

"நான் இருக்கிற வரைக்கும்."

அவர் கையை எடுத்துக்கொண்டு, "அப்ப கேளுங்க, உங்க கேள்விய" என்றார்.

போன வருஷம் துறையில் எனக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, பணி ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். இதைப் படித்த பிறகு உங்களில் ஒருவராவது, அந்த ஒரு மணி நேரத்தில் அந்த அம்மா அப்படி என்னதான் சொன்னார் என்று என்னைத் தனியாகப் பிடித்துக் கேட்பீர்கள். கேட்டுப் பாருங்கள். நான் இன்னும் வேலையில்தான் இருக்கிறேன்.